சோக் சுடுது

போன மாதம் என் தங்கை மகன் தன் காரை அடையாறில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனான். துணைக்கு நானும் போனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் சொருகினார்கள். திரையில் ‘லோ வோல்டேஜ்’ என்று வந்தது. “பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்” என்றார் அங்கிருந்தவர். “போன தடவையும் இதேதான் சொன்னாங்க மாமா, மாத்தியாச்சே” என்று மருமகன் என் காதில் சொன்னான்.

எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன். ஒரு வார்த்தை சொல்லலாமென்று வாயைத் திறந்து, மறுபடி வாசலுக்கே போய்விட்டேன். முன்பின் தெரியாதவரிடம் பேச எனக்கு இந்த வயதிலும் கூச்சம். கடைசியில் எர்த் ஒயரைப் பார்க்கச் சொல்லென்று மருமகனிடம் சொன்னேன், நான் பழைய மெக்கானிக் என்பதையும் சேர்த்து அவன் அவர்களிடம் சொன்னான். எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தது. பேட்டரி பிழைத்தது. அந்தக் கடைப் பிள்ளைகள் நல்லவர்கள். உங்கள் காலத்தில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எழுதித் தாருங்களேன் என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் வேலையைவிட ஆட்கள்தான் முன்னே வந்து நிற்கிறார்கள்.

பத்தாவது முடித்ததும் ராயப்பேட்டையில் கோதண்டம் மேஸ்திரியின் கடையில் சேர்ந்தேன். கார்களுக்கு மின்சார வேலை மட்டும் செய்கிற கடை. முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டைனமோவைப் பிரித்துக் கார்பன் மாற்றினேன், ஒயர் சுற்றினேன், ஆசிட் தெறித்துச் சட்டையெல்லாம் ஓட்டையானது. தொண்ணூறுகள் பிறந்தபோது வண்டிகளை என்னிடம் தனியாக விட ஆரம்பித்திருந்தார்.

மேஸ்திரி எல்லோரையும் ‘நைனா’ என்பார். தன்னைவிட மூத்தவரையும், காக்கி உடையில் வரும் அதிகாரியையும்கூட. வெள்ளைச் சட்டைதான் போடுவார், அதில் கறை படாது. வண்டி வந்ததும் பானெட்டைத் திறக்க மாட்டார். முதலில் ஹாரன் அடிக்கச் சொல்லித் தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு ஹெட்லைட்டைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவார். சுவரில் வெளிச்சம் எவ்வளவு சாய்கிறது என்று கவனிப்பார். அதற்கப்புறம்தான் ஒயர்த் துண்டு. பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே கண்மூடித் திறப்பதற்குள் ஒரு இழுப்பு. பொறி வெள்ளையாகப் பறந்தால் பேட்டரி நல்லது, சிவந்து சொங்கினால் கெட்டது. ஆபத்தான வேலை, இதைப் படிக்கிறவர்கள் செய்ய வேண்டாம்.

வோல்டேஜ் பார்க்கிற மீட்டர் அவருக்கு ஆகாது. நான் ரிச்சி தெருவில் ஒன்று வாங்கி வைத்திருந்தேன், துணி சுற்றி. அதை எடுத்தாலே, “இன்னா நைனா, வூட்டுக்காரியக் கூட்டிக்கினு வந்துட்டியா?” என்பார். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காது சிவந்துபோகும்.

அவர் திறமையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்கக் கூடாது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவரின் வண்டி இரண்டு நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்கிவிடும். எங்கோ கரண்ட் தின்கிறது, எங்கே என்று தெரியவில்லை. மேஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டிக்கியைத் திறந்து, சாமான்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த வெள்ளைச் சட்டையோடு உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டார். “மூடு நைனா” என்றார். மூடினேன்.

திருநெல்வேலிக்காரர் பதறிப்போனார். “என்னவே இது, ஆள உள்ள வச்சு மூடுதீரு? மூச்சு முட்டிச் செத்துப் போனா நானா பதில் சொல்லுவேன்?”

டிக்கிக்குள்ளிருந்து சத்தம் வந்தது: “எரியுது நைனா! எரிஞ்சிக்கினே கீது!”

டிக்கிக்குள் ஒரு சின்ன விளக்கு உண்டு. மூடினால் அணைய வேண்டும். அணைகிறதா என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. இதை யோசிக்கிற மூளை அவருக்கு இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சு, ‘பேட்டரி டவுன்’. விளக்கு மங்கினாலும் டவுன், ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினாலும் டவுன். ஆனால் பேட்டரியில் இருக்கிற வோல்டேஜ் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர வேண்டும், சேர்ந்தது இன்ஜின் வழியாகவும் பாடி வழியாகவும் பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். போகிற வழிக்கு ஒயர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும். திரும்புகிற வழிக்கு வண்டியின் இரும்புதான் ஒயர். அதைத்தான் எர்த் என்கிறோம். அது கெட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. வண்டி சும்மா நிற்கும்போது மீட்டர் வைத்தால் எல்லா இடத்திலும் பன்னிரண்டரை காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வைத்தால்தான், எந்த இடத்தில் எவ்வளவு தொலைகிறது என்று தெரியும்.

மயிலாப்பூரில் கோமதி மாமி என்று ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். கணவர் விட்டுப்போன அம்பாசடர் ஒன்று வைத்திருந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. தாஸ் என்பவர்தான் டிரைவர், என் வயதுதான் இருக்கும், பட்டினப்பாக்கத்துக்காரர். சாயங்காலம் மாமியைப் பாட்டு வகுப்புகளுக்குக் கூட்டிப்போவார், மார்கழியில் சபா சபாவாக அழைத்துப்போவார். வாசலில் மற்ற டிரைவர்களோடு நின்று, உள்ளே என்ன ராகம் போகிறது என்று சொல்லுமளவுக்குத் தேறியிருந்தார். சரியாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் அந்த வண்டிக்கு மேஸ்திரி புது பேட்டரி போட்டார். கம்பெனி பேட்டரி இல்லை. எங்கள் கடையிலேயே பிளேட் அடுக்கிக் கட்டியது, கறுப்புப் பெட்டி. அப்போது தெருவுக்கு ஒரு கடையில் இப்படிக் கட்டுவார்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் மேஸ்திரிக்குத் தன் பேட்டரி மேல் அவ்வளவு பெருமை. மழைக்காலத்தில் வண்டியின் அடிப்பக்கம் துருப்பிடித்திருந்ததை மந்தைவெளியில் ஒரு டிங்கர் கடையில் கொடுத்து ஒட்டுப்போட்டு, அடி முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடித்தார்கள். அதற்கப்புறம் மார்கழி வந்தது. வண்டி கிளம்ப மறுத்தது.

முதல் தடவை வந்தபோது மேஸ்திரி பேட்டரியைச் சார்ஜ் போட்டு அனுப்பினார். சில நாளிலேயே திரும்பி வந்தது. இந்தத் தடவை மாமியும் கூடவே வந்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் சபா வாசலில் வண்டியை நாலு பேர் தள்ள வேண்டியதாகிவிட்டதாம். மாமி பட்டுப்புடவையோடு தெருவில் நின்றிருக்கிறார். அந்தக் கோபம் முகத்தில் இருந்தது.

மேஸ்திரி ஹாரன் கேட்டார். சுவரில் வெளிச்சம் பார்த்தார். ஒயரை இழுத்தார். பொறி சிவந்து சொங்கியது. நிமிர்ந்து, ஒயர்த் துண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“இது என் பேட்டரி இல்ல.”

“அப்படின்னா?” என்றார் மாமி.

“நா குடுத்த பேட்டரி இதுக்குள்ள படுக்காதும்மா. யாரோ அத்த எடுத்துட்டு எதையோ வெச்சிக்கீறாங்க.”

அந்தக் காலத்தில் டிரைவர்கள் பேட்டரியை மாற்றிவிடுவது கேள்விப்படாத விஷயமில்லை. எல்லோரும் தாஸைப் பார்த்தோம். அவருக்குப் புரியவே கொஞ்ச நேரமானது.

“இன்னா நைனா பேசறே? நா இன்னாத்துக்கு மாத்தப் போறேன்? காலையில எடுக்கசொல்லோ சோக்கு கையில சுடுது நைனா. அத்த பாரு மொதல்ல. சோக் சுடுது.”

“சோக்கு சுடுதா?” மேஸ்திரி கடைப்பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். “பேட்டரிய சுட்டது நீ. பழி சோக்கு மேலயா?”

கடையில் சிரிப்பு கிளம்பியது. பக்கத்து பஞ்சர் கடைக்காரர் வந்து விவரம் கேட்டுத் தானும் சிரித்தார். அது நல்ல ஜோக்தான், அதுதான் கெடுதல். வெறுமனே திருடன் என்றிருந்தால் தாஸ் சண்டை போட்டிருப்பார். ஜோக்குக்கு எதிராகச் சண்டை போட முடியாது. “சிரிக்காதீங்கபா” என்று மட்டும் சொன்னார். பிறகு மாமியைப் பார்த்தார்.

மாமி சிரிக்கவில்லை. “சாவியக் குடு, தாஸ்” என்றார். “நாளைலேர்ந்து வர வேண்டாம்.” சாவியை வாங்கி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறிப்போனார். தாஸ் மணிக்கூண்டுப் பக்கம் நடந்து போனார்.

மேஸ்திரி பேட்டரியைக் கழற்றி ராத்திரி முழுக்கச் சார்ஜில் போடச் சொன்னார். எனக்கு அன்று வேலை ஓடவில்லை. சோக் எப்படிச் சுடும்? சோக் என்பது ஒரு கம்பி, அவ்வளவுதான். டேஷ்போர்டில் குமிழைப் பிடித்து இழுத்தால் கார்புரேட்டரில் ஒரு மூடி நகரும். அதில் கரண்டே கிடையாது. பொய் சொல்கிறவன் நம்பும்படியாக ஒன்று சொல்ல மாட்டானா? ‘வண்டியை வெளியில் விட்டிருந்தேன், யாராவது எடுத்திருப்பார்கள்’ என்று சொல்லியிருக்கலாமே. யாரும் நம்பாத ஒன்றை எதற்குச் சொல்ல வேண்டும்? மதியம் சாப்பிடும்போதும் இதே ஓடியது.

மறுநாள் காலை கடை திறந்ததும் பேட்டரியை வண்டியில் மாட்டிவிட்டு, இடம் வேண்டுமென்று வண்டியை வெளியே எடுக்கப் போனேன். பனி விழுந்திருந்தது, இன்ஜின் சில்லென்று இருந்தது. சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறிய பேட்டரி. ஆனாலும் ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டு சுற்றியது. விடாமல் பிடித்திருந்தேன். குமிழுக்குப் பின்னால் இரும்புக் கழுத்தில் பட்டிருந்த விரல் சுரீரென்றது. கையை இழுத்துக்கொண்டேன்.

சோக் சுட்டது.

எங்கள் கடைக்கு வரும்போது எந்த வண்டியும் ஓடி, சூடாகித்தான் வரும். அப்போது யாரும் சோக்கைத் தொட மாட்டார்கள். காலையில் முதல் ஸ்டார்ட் எடுக்கிற ஒருவர் கைக்குத்தான் அது தெரியும். அந்த வண்டிக்கு அது தாஸ்.

மீட்டரைத் துணியிலிருந்து பிரித்தேன். பேட்டரி முனை இரண்டிலும் வைத்தேன், பன்னிரண்டரைக்கு மேல். இக்னிஷன் காயிலுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கிவிட்டேன், இன்ஜின் கிளம்பிவிடக் கூடாது, சுற்ற மட்டும் வேண்டும். ஸ்டார்ட்டருக்குப் போகிற சின்ன ஒயரை பேட்டரியில் தொட்டுச் சுற்றவிட்டு மறுபடி பார்த்தேன். பேட்டரியில் பதினொன்று நின்றது. அந்தச் சுமையில் பதினொன்று நின்றால் அது நல்ல பேட்டரி. ஸ்டார்ட்டரில் ஏழு. நடுவில் நாலு வோல்ட்டைக் காணோம். போகிற ஒயரில் பார்த்தேன், அங்கே ஒன்றும் தொலையவில்லை. மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் இரும்பிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வைத்துச் சுற்றவிட்டேன். எதுவும் காட்டக்கூடாத இடம் அது. முள் நாலுக்குப் போய் நின்று ஆடியது.

இன்ஜினையும் பாடியையும் சேர்க்கிற பின்னல் பட்டை ஒன்று அடியில் உண்டு. வேலைக்காக அதைக் கழற்றிய டிங்கர் கடைக்காரர்கள், கறுப்பு பெயிண்ட் அடித்தபிறகு பெயிண்ட்டின் மேலேயே வைத்து முடுக்கிவிட்டார்கள். இன்ஜினிலிருந்து கரண்ட் திரும்ப வழியில்லை. சோக் கம்பி ஒருபக்கம் இன்ஜினில், மறுபக்கம் பாடியில். அந்த மெல்லிசுக் கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. சுடாமல் என்ன செய்யும்? வண்டி ஓடும்போது பேட்டரிக்கு ஏற வேண்டிய சார்ஜும் அதே வழிதான். அதனால் அரைவயிறாகவே இருந்து பேட்டரி படுத்துக்கொண்டே வந்தது.

தடித்த ஜம்பர் ஒயர் ஒன்றை இன்ஜினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் போட்டுச் சுற்றவிட்டேன். ஸ்டார்ட்டர் விர்ரென்று பறந்தது.

எதிர் டீக்கடையிலிருந்து மேஸ்திரி கிளாஸைக் கையில் பிடித்தபடியே வந்துவிட்டார். அந்தச் சத்தம் அவருக்குப் போதும். “இன்னா பண்ணே?” என்றார். மீட்டரைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. ஜம்பரை எடுத்துவிட்டுச் சுற்றச் சொன்னார், கேட்டார். போட்டுச் சுற்றச் சொன்னார், கேட்டார். பிறகு நான் சொல்லாமலே தானாகப் போய்ச் சோக் குமிழைத் தொட்டுப் பார்த்தார்.

டீயைக் கீழே கொட்டினார். ஹேக்ஸா பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் சுரண்டும் சத்தம் கேட்டது. இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, பட்டையை மாட்டி, கிரீஸ் வைத்து முடுக்கிவிட்டு வெளியே வந்தபோது முதுகெல்லாம் கறுப்பு.

“பேட்டரி நம்மளுதுதான்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு, “ஷோக்கா இருந்திச்சே நைனா அந்த ஜோக்கு” என்று முனகிவிட்டுக் கைகழுவப் போனார்.

மதியம் மாமி வந்தார். மேஸ்திரி அவரிடம், “எர்த்துல கோளாறும்மா, சரி பண்ணிட்டேன். இவன் வண்டிய வூட்ல வுட்டுடுவான்” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்வாரென்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பஞ்சர் கடைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியை ஓட்டினேன். மாமி பின்னால் இருந்தார். லஸ் வரும்வரை இதோ சொல்கிறேன், இதோ சொல்கிறேன் என்று மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டுவதும் கலைப்பதுமாக வந்தேன். கடையில் வாடிக்கையாளரிடம் ‘ஆச்சு’, ‘இல்லை’ என்பதற்கு மேல் நான் பேசியதில்லை. இன்னும் இரண்டு திருப்பத்தில் வீடு வந்துவிடும், இறங்கிப் போய்விடுவார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

“என்னாச்சு, மறுபடி நின்னுடுத்தா?” என்றார்.

“இல்லம்மா. பேட்டரி மாறவே இல்லம்மா. இது அதே பேட்டரிதான். டிரைவர் எடுக்கல.” ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “சோக் சுடுதுன்னு அவர் சொன்னது நிஜம்மா. என் விரல்ல பாருங்க.” விரலைப் பின்னால் நீட்டினேன். அப்படிக் காட்டியதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாமி குனிந்து விரலைப் பார்த்தார். “அந்த மனுஷன் அப்படிச் சிரிச்சுண்டே சொன்னார், நானும் நம்பிட்டேன்” என்றார். பிறகு, “அவனாத்துக்கு வழி தெரியுமா உனக்கு?” என்றார்.

பட்டினப்பாக்கம் குடியிருப்பில் விசாரித்துப் போனோம். மாமி இறங்குவதை மாடிகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கதவைத் திறந்தது தாஸின் மனைவி. மாமியை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாம்மா, இப்ப இன்னா காணாப் போச்சு?”

மாமிக்கு முகம் கறுத்துவிட்டது. தாஸ் லுங்கியோடு உள்ளிருந்து வந்து, “நீ சும்மா கெட” என்று மனைவியை அடக்கினார். மாமி, எல்லோரும் கேட்கும்படியே சொன்னார். “தாஸ், நீ எடுக்கலை. ஒயர்லதான் தப்பாம். நான் தெரியாம சொல்லிட்டேன். நாளைக்கு வந்துடு.”

தாஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். “அப்பவே சொன்னேன்ல” என்றார், அவ்வளவு மெதுவாக. உள்ளே போய்ப் பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டு வந்து என்னிடம் சாவிக்குக் கை நீட்டினார். நான் பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொண்டேன். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். வழியெல்லாம் மாமி மறுநாள் எந்த சபா, எத்தனை மணிக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். தாஸ் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

மாமி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். கண்ணாடிகளை ஏற்றினார். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து கம்பியில் நிறுத்தினார்.

“வாங்கம்மா” என்றார்.

“எனக்கென்னடா தெரியும் அதுல?”

“ஒண்ணும் தெரிய வேணாம்மா. நாளைலேர்ந்து வேற எடத்துல வேலைக்கு வர்றேன்னு சொல்லிக்கீறேன். சாவி குடுக்கறதுக்கு மின்ன, பேட்டரி கீதான்னு ஒருவாட்டி பாத்துக்கோங்க.”

மாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாஸ் பானெட் பக்கத்தில், சாவி தொங்கும் கையோடு காத்திருந்தார். அவர் குரலில் கோபமில்லை, வேலை முடிந்து கணக்கு ஒப்படைப்பவர் மாதிரிதான் நின்றார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கடைசியில் மாமி கிட்டே வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து உள்ளே பார்த்தார்.

“இருக்கு” என்றார்.